ஒன்றரை அங்குல உயரத்தில் ஒரு ஸ்க்ரூ

ஒரு நல்ல ஜிக் செய்ய அரை நாள் போதும். நான் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டேன். அவசர வேலை எனக்கு எப்போதுமே ஒத்துவராது.

ஐயா, மரவேலை பற்றி ஒன்றும் தெரியாது என்று நேற்று விசாரணையில் நீங்களே சொன்னீர்கள். அதனால் விளக்கி எழுதுகிறேன். நாற்காலியின் குறுக்குச் சட்டத்தைக் காலோடு சேர்க்க, சட்டத்தின் முனையை நாக்கு போல மெலிதாக அறுத்துக் காலில் குடைந்த துளைக்குள் சொருகுவோம். அந்த நாக்கைக் கழுந்து என்போம். அதை மிஷின் ரம்பத்தில் அறுக்கச் சட்டத்தை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பிளேடின் மேல் தள்ள வேண்டும். வெறும் கையால் தள்ளினால் விரல் மிஞ்சாது. அதற்குத்தான் ஜிக். சட்டத்தைச் சாத்தி நிறுத்த ஒரு பலகை, பின்னால் சாயாமல் இருக்க அந்தப் பலகையில் ஒரு முட்டு. கழுந்து எத்தனை அங்குலமோ, பிளேடையும் அத்தனை அங்குலம் உயர்த்தி வைப்போம். பிளேடு கழுந்தை அறுத்துவிட்டு, முட்டின் அடியையும் கொஞ்சம் கடித்துக்கொண்டுதான் வெளியே வரும். ஆகவே எந்தத் தச்சனும் முட்டின் அடியில் இரும்பு வைக்கமாட்டான். பசையும் மரக்குச்சியும் மட்டும்தான்.

ஒரு நூலகத்துக்கு இருநூறு நாற்காலி செய்ய வேண்டியிருந்தது. மேஸ்திரி என்னையும் என் தங்கையின் கணவரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு ஜிக் செய்யச் சொன்னார். எது நன்றாக வருகிறதோ அதில் வேலை நடக்கும் என்றார். மாப்பிள்ளையை எங்கள் பட்டறையில் சேர்த்துவிட்டதே நான்தான். உளி பிடிக்கத் தெரியும், மிஷின் தெரியாது என்று சொல்லித்தான் சேர்த்தேன். ஆறு வருடத்தில் எல்லாம் கற்றுக்கொண்டார்.

என் ஜிக் கனமானது. மூன்று பலகையை ஒட்டி, நாலு பக்கமும் தாங்கல் கொடுத்திருந்தேன். மேஸ்திரி அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஏம்ப்பா, இது ஜிக்கா பீரோவா? உள்ள துணி மடிச்சு வைக்கலாம் போலிருக்கே."

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவர் மாப்பிள்ளை செய்ததை ஒரு கையால் தள்ளிப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. "இதை வச்சு ஆரம்பிங்க. அந்த பீரோவ மூலையில போடுங்க" என்றார்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. என் பக்கம் வந்து மெதுவாக, "உங்களோடதுதான் மச்சான் உறுதி. என்னுது ரெண்டு மாசத்துல ஆட ஆரம்பிச்சிரும்" என்றார். மேஸ்திரி சிரித்ததை நான் பொறுத்துக்கொண்டேன். இதைத்தான் பொறுக்க முடியவில்லை. இப்படி எழுதும்போதே கூசுகிறது. ஒருவர் என்னிடம் அன்பாகப் பேசினார் என்பதுதான் என் தரப்புக் காரணம்.

முதல் மூன்று நாளும் ஓரங்குலக் கழுந்துகள். நாலாம் நாள் இரண்டங்குலக் கழுந்துகள் அறுப்பதாக இருந்தது. வேலைப் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது, எல்லோரும் படித்ததுதான். மூன்றாம் நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் மாப்பிள்ளையின் ஜிக்கை எடுத்துப் பார்த்தேன். முட்டு மயிரிழை ஆடியது போல இருந்தது. ஆகவே அதை இறுக்க ஒரு ஸ்க்ரூ போட்டேன். அடியிலிருந்து ஒன்றரை அங்குல உயரத்தில். தலையை உள்ளே இறக்கி, மேலே அதே மரத்தில் ஒரு மூடி வைத்துப் பசை போட்டு, தேய்த்து, ரேகையும் ரேகையும் சேரும்படி முடித்தேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும், அது என் பழக்கம்.

பிளேடு கெடும், ஜிக் உடையும், மூலையில் கிடப்பதை மேஸ்திரி எடுத்துவரச் சொல்வார். என் எண்ணம் அவ்வளவுதான் என்று முதலில் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்.

நாலாம் நாள் காலை, முதல் சட்டத்திலேயே பிளேடு ஸ்க்ரூவில் பட்டது. பிளேடின் பல் ஒன்று பெயர்ந்து பறந்தது. மாப்பிள்ளை கண்ணாடி போட்டுத்தான் இருந்தார். அது தூசிக்கான கண்ணாடி. வலது கண் போய்விட்டது.

ஜிக்கின் முட்டைப் பிளந்து, உள்ளே ஸ்க்ரூவைப் பார்த்த மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். ஜிக் செய்தவர் மாப்பிள்ளை, ஸ்க்ரூ இருந்தது அவர் ஜிக்கில். வேறு யாருக்கு என்ன தோன்றும்?

ஆஸ்பத்திரியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாந்தான் மச்சான் ஏதோ ஞாபகத்துல அடிச்சிருக்கேன். எவ்வளவு யோசிச்சாலும் எப்ப அடிச்சேன்னு வரமாட்டேங்குது. சேர்த்துவிட்ட உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

தங்கை வெளி வராந்தாவில் நின்றிருந்தாள். "அண்ணா, ஒரு பலகைய நாலு தடவை அளக்குற மனுஷன். அவரா இப்படிப் பண்ணாரு?"

"சில நேரம் கை தவறிரும்மா" என்றேன். அவள் அதை நம்பினாள். நான் சொன்னால் எதையும் நம்புவாள். அந்த முகத்தை நினைத்தால் இந்தப் பேனாவைக் கீழே போட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது.

தன் அஜாக்கிரதைதான் காரணம் என்று நாளை அவர் உங்கள் தாளில் கையெழுத்துப் போடப்போகிறார். அதற்குப் பிறகு எந்தப் பட்டறையும் அவரை மிஷின் பக்கம் விடாது. அதைவிட, வாழ்நாள் முழுக்கத் தன் கையையே அவர் நம்பமாட்டார். அதற்கு முன் இந்தக் கடிதம் உங்களிடம் வந்துசேர வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பாலிஷ் போடும் அக்கா உங்களிடம் சொல்லியிருக்கிறார். அன்று காலை நான்தான் அவரை வேறிடத்தில் உட்காரச் சொன்னேனாம், இல்லாவிட்டால் அவருக்கும் பட்டிருக்குமாம். அந்த நல்ல மனதுக்கு எனக்கு நன்றி சொல்லச் சொன்னாராம். நீங்கள் அதைப் படித்துக் காட்டியபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

அவர் சொன்னது உண்மை. அவர் வழக்கமாக உட்காரும் இடம் ரம்பத்துக்கு நேர் எதிரே. "இங்க தூசி வரும்க்கா, ஜன்னல் பக்கம் போங்க" என்று அவருடைய டப்பாக்களையும் நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். மாப்பிள்ளை அப்போது பிளேடை உயர்த்திக்கொண்டிருந்தார். இரண்டங்குலம் சரியாக இருக்கிறதா, பாருங்கள் மச்சான் என்று கூப்பிட்டார். நான் போய், குனிந்து, அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.

சரியாக இருக்கிறது, தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, நானும் ஜன்னல் பக்கம் போனேன்.