திறக்க மாட்டேன் என்ற பூட்டுக்காரர்

"படிச்சிட்டா போதுமா? நம்பிக்கையான பூட்டுக்காரன் யாருன்னு பாடத்துல இருக்கா?" என்று மாமா என்னைக் கேட்டார். அம்மா வீட்டுச் சாவியைத் தொலைத்திருந்தாள். அம்மாவும் நானும் பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். கண்டவனிடம் சாவி செய்யக் கொடுத்துவிட்டு வீட்டை எப்படி விட்டுப்போவது?

பூட்டுக்காரனைத் தேடிக் கிளம்பி, தண்டையார்பேட்டை பஸ் வரிசையில் நின்றேன். முன்னால் மீன்கூடையோடு இரண்டு பெண்கள்.

"எம் பூட்டையே தொறக்க மாட்டேன்னாருக்கா, அந்தப் பூட்டுக்காரரு. அவருதான் நல்லவரு," என்றாள் இளையவள்.

"இன்னாமே ஒளர்றே?"

"'இது உன் வூடுதான்னு நான் எப்படி நம்புறது? பக்கத்து வூட்டுக்காரங்களை இட்டா'ன்னாரு. இட்டாந்த அப்பாலதான் கம்பியையே எடுத்தாரு."

"சோப்புல அச்சு எடுத்து வச்சிக்கினு, நீ இல்லாதப்போ வந்துடப்போறான்."

"சாவிய என் கண்ணு முன்னாடிதான் அரத்தால ராவுனாரு. வூட்டுக்காரி எனக்கே தொறக்காதவரு, திருடனுக்கா தொறக்கப்போறாரு?"

மூத்தவள் சிரித்துவிட்டாள். "எங்க கீறாரு அவரு?"

"கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டாண்ட, சைக்கிள் கடைக்கு எதிர்ல."

பஸ் வந்தது. அவர்கள் ஏறினார்கள். நான் வீட்டுக்குத் திரும்பி, பூட்டுக்காரர் கேட்பதற்கு முன்பே பக்கத்து வீட்டு ரோசி அக்காவைக் கையோடு அழைத்துக்கொண்டு கொருக்குப்பேட்டைக்கு நடந்தேன்.