ரோட்டோரப் பக்கத்து மண்

இல்லம்மா, அந்தப் பக்கம் தோண்டாதீங்க. ரோட்டைப் பார்த்த பக்கம் வேணாம். எடுத்துட்டீங்களா? சரி, அந்தப் பாட்டிலைக் கொட்டிடுங்க. கோவிச்சுக்காதீங்க. போர்ட் ஹார்கோர்ட் டவுன்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்து, நல்ல மண்ணை எடுத்துட்டுப் போயி சோதிக்கிறதுக்கா?

ஆமா, எண்ணெயே படாத மண்ணு. போன வாரம் மேட்டு ஊர்லேர்ந்து லாரியில வந்துச்சு. நீங்க ரோட்டோரமாத்தான் எடுப்பீங்கன்னு, குவியலோட இந்த ஒரு பக்கத்துல மட்டும் கொட்டித் தட்டி விட்டிருக்காங்க. பின்னாடி இருக்கிறதுதான் எங்க கொல்லையிலேர்ந்து வாரினது. கம்பெனிக் குழாய் வெடிச்சு கச்சா எண்ணெய் ஓடின மண்ணு.

கிளறினாங்கம்மா, பொய் சொல்லக் கூடாது. ஆரம்பத்துல மிஷினை விட்டு நல்லாத்தான் புரட்டிப் போட்டாங்க. காத்துப் பட்டா எண்ணெய் போயிடும்னாங்க, வாடையும் கொறஞ்சுக்கிட்டுத்தான் வந்துச்சு. மழை பிடிச்சதும் மிஷின் நின்னுபோச்சு. டீசல் இல்லையாம். அப்புறம் யாரும் தொடல.

காண்ட்ராக்டரா? அவன் மோசமானவன்னு... என்னத்தைச் சொல்ல. வேலை எடுத்த புதுசுல வீடு வீடாப் போயி, அத்தை, அடுத்த மழைக்கு மரவள்ளி நடலாம், கவலைப்படாதீங்கன்னான். பொம்பளைங்க அவன் மேல பாட்டே கட்டிப் பாடினாங்க. இப்ப அவன் வண்டி வந்தா எழுந்து உள்ள போயிடுறாங்க.

நீங்க சுத்தம்னு சொல்லிட்டா நாளைக்கே இது மொத்தத்தையும் அந்தப் பள்ளத்துல தள்ளி மூடிடுவாங்க. பள்ளத்துக்குக் கீழதான் ஓடை. நாங்க மரவள்ளியை ஊறப் போடுறது அதுல. பக்கத்து வீட்டுப் பாரிடூலா மக இப்பத்தான் புள்ளை பெத்திருக்கா, அந்தத் தண்ணியிலதான் குளிப்பாட்டுறா. தேறலைன்னு சொன்னா மறுபடி கிளறணும். இல்லைன்னா லாரியில ஏத்தி மூடிக்கிட்டு, இந்த மாதிரி மண்ணுக்குன்னே கட்டின குழிக்குக் கொண்டு போகணும். அது அவன் பாடு. படட்டும்.

பின்பக்கம் வாங்க. மேலாக வழிக்காதீங்க, முழங்கை ஆழம் போங்க. ம், இப்ப மோந்து பாருங்க. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க பாருங்க.

எனக்கு எப்படித் தெரியுமா? மேட்டு மண்ணு ஒரு லோடு கொண்டான்னு லாரிக்காரன்கிட்ட அந்தக் காண்ட்ராக்டர் போன்ல பேசினதே என் வாசல்ல நின்னுதான். சிரிச்சுக்கிட்டே பேசினான். நான் மீன் கழுவிக்கிட்டிருந்தேன். ஏண்டா இப்படின்னு கேட்டேன். எல்லாரும் செய்றதுதான், உனக்கென்ன தெரியும்னான். அன்னையிலேர்ந்து ஓடைக்கு மத்தவங்க வர்றதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுறேன். யார் கண்ணையும் பாக்க முடியல. யாராச்சும் சிரிச்சுப் பேசினா இன்னும் கூசுது.

பயமா? அதெல்லாம் இல்ல. யாரு காட்டிக் கொடுத்ததுன்னு கேட்டா என் பேரையே சொல்லுங்க. இந்த லெனேதான் சொன்னாள்னு சொல்லுங்க. மறைச்சா பழி வேற எவ தலையிலயாவது விழும்.

மூடியை இறுக்கிட்டீங்களா? சரி, கிளம்புங்க. நானும் போறேன், அடுப்புல வெண்டைக்காய்க் குழம்பு கிடக்கு, அடிபிடிச்சிடும். மத்தியானம் சாப்பிட வந்துடுவான்.

ஆமாம்மா, அந்தக் காண்ட்ராக்டர்தான். எம் புள்ளை.