மேலக்கரை நகரின் பகல்கள்

மேலக்கரை நகரில் காலை பஸ் போன பிறகு பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்காது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, மேடம். முசிறி ரோட்டில் புதிதாக வந்த நகர்கள் எல்லாமே அப்படித்தான். வீடு இங்கே, பிழைப்பு திருச்சியில். விடிந்ததும் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். சிலர் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடைகளுக்குப் போவார்கள், சிலர் தென்னூருக்கோ பொன்மலைக்கோ வேறு பஸ் மாறுவார்கள். பிறகு தெருவில் நாய்களும் நானும்தான்.

என் பெயர் காத்தமுத்து. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆற்றங்கரையில் வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டவள் என் மனைவி மயிலம்மாள். வீடு கட்டிக் குடிவந்த மறு வருடமே போய்விட்டாள். மகள் புனேயில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

நீங்கள் ஆற்றைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனால் பக்கத்து வீட்டு சந்திரம்மாளிலிருந்து தொடங்கினால்தான் புரியும். டீச்சராக இருந்தவர். என்னைப் போலவே தனி ஆள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒரு கோடையில் என் ஹாலில் ஏதோ நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து பீரோவை நகர்த்திப் பார்த்தேன், பரணில் ஏறிப் பார்த்தேன். என் வீட்டிலேயே தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் பால்காரர்தான் சந்தேகப்பட்டுக் கதவை உடைக்கச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் சந்திரம்மாள் செத்துக் கிடந்த நாட்களில் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்திருக்கிறேன்.

தெருக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். எடுத்தார்கள். மறுநாள் காலை பஸ் வழக்கம்போலக் கிளம்பியது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடுவதை விட்டேன். வாசல் கதவைப் பகலில் சாத்துவதே இல்லை. மத்தியானம் தெரு அடங்கிக் கிடக்கும்போது என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கும். அது நின்றால் யாருக்குக் கேட்கும் என்று தோன்றும். அப்போது எழுந்துபோய் மிக்ஸியில் ஒன்றும் போடாமல் சும்மா ஓடவிடுவேன், ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று.

இந்த நிலைமையில்தான் பாலு செத்துப்போனான். கடைசி வீட்டுப் பையன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. படித்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, எப்போதோ மணல் அள்ளிய பள்ளம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஓடும்போது அது தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருப்பீர்கள், அடுத்த அடியில் தரை இருக்காது. பாலுவின் சாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அவன் செத்த அன்று நகரில் ஒருவர்கூட பஸ் ஏறவில்லை. பேர் தெரியாதவர்களெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து அழுதார்கள். துக்க வீட்டுக்கு எல்லார் வீட்டிலிருந்தும் சோறு போனது. எதிர் வீட்டு ஜோதி எனக்கும் ஒரு தூக்கில் இட்லி கொண்டுவந்தாள். தென்னூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண். அதுவரை என்னோடு பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டாள்.

"தனியா இருக்காதீங்க பெரியப்பா. மனசு என்னமோ பண்ணுது. வாங்க, எல்லாரோடயும் வந்து உக்காருங்க" என்றாள்.

ஸ்தனிஸ்லாஸ்தான் பள்ளத்தை மறித்து வேலி போடலாம் என்றான். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன், கொள்ளிடக்கரையில் வளர்ந்தவன், நல்ல நீச்சல்காரன். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கோடையில் ஆறு வற்றியதும் இரும்புக் குழாய்களை ஊன்றி, சிவப்புப் பெயின்ட் அடித்து, நைலான் கயிறு கட்டினேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் குளிக்கலாம், அந்தப் பக்கம் போகக் கூடாது. ஜோதியின் புருஷன் தமிழ்மணி லீவு போட்டுவிட்டு வந்து எனக்குக் கையாளாக நின்றான். அவனும் பொன்மலை பணிமனைதான், எனக்கு ரொம்ப ஜூனியர். நீச்சல் தெரியாது. ஆனால் ஆறு என்றால் உயிர்.

"நீங்க ஊனினதுன்னா கண்ண மூடிக்கிட்டு எறங்கலாம் பெரியப்பா" என்று சொன்னான்.

அந்த வருடத்தைப் போல ஒரு வருடம் எனக்கு வாய்த்ததில்லை. தண்ணீர் வந்தபின் சாயங்காலங்களில் படித்துறையில் எல்லாரும் கூடுவார்கள். சுண்டல் வரும், டீ வரும். பிள்ளைகளை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் பெண்கள் குளிப்பார்கள். காலையில் யாராவது ஒருவர் வாசலில் நின்று, "பெரியப்பா, எந்திரிச்சிட்டீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். பாலு போன பயம் எல்லாருக்கும் இருந்தது. பயம் இருந்தவரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை நான் மெல்லத்தான் புரிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் பயம் தேய்ந்துபோயிற்று. பிள்ளைகளுக்குப் பரீட்சை, பெரியவர்களுக்கு ஓவர்டைம். பாலுவின் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள், அந்த வீட்டுக்கு வேறு யாரோ வந்தார்கள். காலையில் குரல் கொடுப்பது நின்றது. பங்குனியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து தண்ணீர் குடிக்க முடியாமல் கிடந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. எதிர் வாசலில் ஜோதி செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. "ஜோதி" என்று கூப்பிட்டேன். குரல் எழும்பவில்லை. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டாள்.

அவளை நான் குற்றம் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டால் அரை நாள் சம்பளம் போகும். ஆனால் படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்திரம்மாள் மறுபக்கம் கிடந்த அந்தச் சுவர்.

காய்ச்சல் விட்டதும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். நடுப்பகல். ஆறு மணலாகக் கிடந்தது, பள்ளத்தில் மட்டும் பச்சையாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. படித்துறைப் பக்கத்துக் குழாய்களைப் பிடுங்கி, பள்ளத்துக்கு அப்பால் கொண்டுபோக மனம் வரவில்லை. அது அப்பட்டமாகத் தெரியும். அதனால் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, பள்ளத்தின் வாய் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வருகிற மாதிரி ஒரு முனையை மட்டும் தள்ளி ஊன்றினேன். கரையில் நின்று பார்த்தால் எதுவும் மாறவில்லை. பகல் முழுக்க வேலை செய்தேன். யாரும் பார்க்கவில்லை. பார்க்க யார் இருக்கிறார்கள்?

யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் தடுமாறி, நாலு வாய் தண்ணீர் குடித்து, மற்றவர்கள் இழுத்துப்போட்டால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஆடி பிறப்பதற்கு முன்பே தண்ணீர் வந்தது. புதுத் தண்ணீர், செம்மண் நிறம். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாக இறங்கியவன் தமிழ்மணி. ஸ்தனிஸ்லாஸ் பாய்ந்து தேடி அவனைத் தூக்கிவந்தபோது உயிர் இல்லை.

அன்று என் வீட்டு ஹாலில் இடமில்லாமல் ஆட்கள் படுத்திருந்தார்கள். துக்க வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள், தனியாகத் தூங்கப் பயந்த பெண்கள். ஜோதியின் அழுகை எதிர் வீட்டிலிருந்து விட்டு விட்டுக் கேட்டது. நான் நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

காரியம் முடிந்த பிறகு ஸ்தனிஸ்லாஸ் என்னிடம் வந்தான். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

"பெரியப்பா, கம்பி எடம் மாறியிருக்கு."

"தண்ணி இழுத்திருக்கும்ப்பா."

"தண்ணி இழுத்தா கீழ்ப்பக்கம் சாயணும். இது அந்தாண்ட தள்ளி ஊனியிருக்கு. பள்ளம் நம்ம பக்கம் இருக்கு. யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க. நம்ம ஆளுங்கள்ல ஒருத்தர்." சாத்திய கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். "எம் புள்ளைங்க எறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? யார நம்புறது பெரியப்பா?"

"இப்ப யார்கிட்டயும் சொல்லாத. எல்லாரும் பயந்துருவாங்க" என்றேன்.

மறுநாள் நானே எல்லாரையும் கூட்டிச் சொன்னேன்.

அதன் பிறகு நகரே மாறிவிட்டது, மேடம். ஆண்கள் முறை வைத்துத் தெருவில் சுற்றினார்கள். பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பவில்லை. ஜோதி வேலைக்குப் போகாமல் பகலெல்லாம் என் ஹாலில் வந்து உட்கார்ந்திருப்பாள். நான் டீ போட்டுக் கொடுப்பேன்.

"வீட்ல இருக்க முடியல பெரியப்பா. பைப்புல தண்ணி சொட்டுனாக்கூட ஒடம்பு தூக்கிப் போடுது. யாரோ செஞ்சிட்டு நம்ம கூடவே நடமாடுறாங்கல்ல? எங்கிட்டயே வந்து துக்கம் விசாரிச்சிருப்பாங்கல்ல?"

"நான் இருக்கேன்ல, பயப்படாத" என்று சொன்னேன். அவள் தலையசைத்தாள். அந்த நாட்களில் மிக்ஸி ஓடவிட வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை.

ஆனால் பயத்துக்கு ஓர் அளவு உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. கம்பி மாறியதை முதலில் கண்டுபிடித்தவன் ஸ்தனிஸ்லாஸ். ஆற்றில் அந்த அளவுக்குப் பழக்கம் உள்ளவனும் அவன்தான். பேச்சு அவன் பக்கம் திரும்பியது. அவன் வேன் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். அவன் பிள்ளைகளோடு மற்றப் பிள்ளைகள் பேசுவதை நிறுத்தினார்கள். பிறகு ஒவ்வொரு வீடாகக் காலி செய்ய ஆரம்பித்தார்கள். ஸ்ரீரங்கத்துக்குப் போனவர்கள் உண்டு, தென்னூருக்கே வாடகைக்குப் போனவர்கள் உண்டு. போன வாரம் ஜோதியும் முசிறிக்கு, அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"போயிட்டு வரேன் பெரியப்பா" என்று காலில் விழுந்தாள். "நீங்களும் மக வீட்டுக்குப் போயிருங்க. இங்க இருக்காதீங்க."

இப்போது என் தெருவில் விளக்கு எரிகிற வீடு என்னுடையதுதான். உங்கள் ஆட்கள் ஸ்தனிஸ்லாஸை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்ததும் அவன் மனைவி என் வாசலில் நின்று அழுதாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க, பெரியப்பா." அதனால்தான் வந்தேன். நிரபராதி ஒருவன் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஆள் நான் இல்லை.

தமிழ்மணி இறங்கும்போது நான் எங்கே இருந்தேன் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். படித்துறையில்தான் இருந்தேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"கம்பியெல்லாம் சரியா இருக்கா பெரியப்பா?"

"சரியா இருக்கு. எறங்குப்பா."

இறங்கினான். கயிற்றுக்கு இந்தப் பக்கமாகவே, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே நடந்தான். பிறகு தலை தெரியவில்லை. ஒரு கை மட்டும் மேலே வந்தது, போனது, மறுபடி வந்தது. மேலே கரையில் ஸ்தனிஸ்லாஸ் வேன் கழுவிக்கொண்டிருந்தான். பாட்டுச் சத்தம் கேட்டது.

நான் கத்தவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். கத்தினேன். அந்தக் கை மறுபடி வராது என்று தெரிந்த பிறகு, தொண்டை கிழியக் கத்தினேன். முன்னாலேயே கத்தியிருந்தால் ஸ்தனிஸ்லாஸ் அவனைக் காப்பாற்றியிருப்பான். காப்பாற்றியிருந்தால் நாலு பேர் வந்து திட்டிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியிருப்பார்கள்.