ரெமிஜியுஸ் விட்டுவந்த கொடுவா

...நம்ம மீனவர் கூட்டத்தோட தீர்மானத்தை வாசிக்கிறதுக்கு முன்னால உங்களுக்கு ஒரு கதை சொல்லிடுறேன். பயப்படாதீங்க, சின்னதுதான். கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

தெற்கே, ஆறு கடல்ல சேர்ற இடத்துல ஒரு ஊர். அங்க ரெமிஜியுஸ்னு ஒருத்தர். விசைப்படகுல வேலை பார்த்தவர். ஒரு நாள் வலை இழுக்கிற மிஷின்ல கால் மாட்டி, வலது முழங்கால் மடங்காமப் போச்சு. மடங்காத காலோட எந்தப் படகுல ஏத்துவாங்க? ஒருத்தரும் ஏத்தல.

மனுஷன் சும்மா இருந்தாரா? சுற்றுலாக்காரங்க ஓட்டிப் பழசாப் போட்ட கயாக் ஒண்ணைக் கொண்டுவந்தாரு. பாத்திருப்பீங்க... ஒத்தை ஆளு காலை நீட்டி உக்காந்து துடுப்புப் போடுற பிளாஸ்டிக் படகு. நல்ல மஞ்சக் கலர். ஊரே சிரிச்சுது. "என்னவே, வாழைப்பழத்துல ஏறியா கடலுக்குப் போறீரு?" சிரிக்கட்டுமே! காலை நீட்டித்தானே உக்காரணும்? அவருக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு. தூண்டில் போட்டுத் தன் பாட்டைப் பாத்துக்கிட்டாரு.

அவரோட அக்கா பிரகாசி. அவங்க மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சு, புதன்கிழமை மறுவீட்டு விருந்து. அந்த ஊர்ல மறுவீட்டுக்குக் கொடுவா மீன் வைக்கலைன்னா வருஷக் கணக்கா பேச்சு வரும். ரெமிஜியுஸ் முந்திக்கிட்டு, "அக்கா, கொடுவா என் பொறுப்பு"ன்னுட்டாரு.

திங்கக்கிழமை போனாரு... ஒண்ணுமில்ல. செவ்வாய்க்கிழமை... ஒண்ணுமில்ல. ஒரு காலத்துல அந்த முகத்துவாரத்துல கொடுவா துள்ளுற சத்தம் கரைக்குக் கேக்குமாம். இப்ப?

புதன் காலையில, ஐப்பசி மழை லேசாத் தூறுது. உயிரோட ஒரு மடவை மீனை இரையா மாட்டித் தூண்டிலைப் போட்டாரு. வெடுக்குன்னு ஒரு இழுப்பு! கயாக்கையே இழுத்துக்கிட்டு அலை உடையிற பக்கம் ஓடுது மீனு. கவுந்தா அந்தக் காலோட நீந்த முடியுமா? விடல. அரை மணி நேரம் மல்லுக்கட்டி, ரெண்டு கையாலயும் தூக்கி மடியில போட்டாரு. நாலு வயசுப் பிள்ளை நீளம்! "அக்கா, ஜெயிச்சிட்டோம்!"னு கடல்ல தனியாக் கத்துறாரு.

அப்புறம் கையைப் பாத்தாரு. விரலிடுக்கெல்லாம் பொடிப் பொடியா... முட்டை. சினை மீன். முட்டை விட வந்த மீன்.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? உண்மையைச் சொல்லுங்க. நானா இருந்தா? ...எனக்குத் தெரியல.

ரெமிஜியுஸ் அக்கா முகத்தை நினைச்சாரு. மீனையும் பாத்தாரு. மூணு நாளைக்கு ஒரே ஒரு மீன். இதையும் கொன்னுட்டா அப்புறம் கடல்ல என்ன மிஞ்சும்? தூண்டில் முள்ளைக் கழட்டினாரு. தண்ணியில வச்சு, செவுள் நல்லா அசையுற வரைக்கும் பிடிச்சிருந்தாரு. வாலை ஒரு அடி அடிச்சுது... மூஞ்சியெல்லாம் தண்ணி. போயிடுச்சு.

வீட்டுக்கு வந்தா, பிரகாசி மசாலா அரைச்சு வச்சிக்கிட்டுக் காத்திருக்காங்க.

"எங்கலே மீனு?"

"விட்டுட்டேன்க்கா."

"தப்பிச்சிடுச்சா?"

"இல்ல... நானாத்தான் விட்டேன். சினை மீனுக்கா."

"சம்மந்தி முன்னால என்னைத் தலைகுனிய வச்சிட்டியேலே!"

அழுதுக்கிட்டே, விலை மலிவான சாளை மீனுல குழம்பு வச்சாங்க.

பந்தியில மாப்பிள்ளையோட அப்பா கித்தேரியான் இலையைப் பாத்தாரு. அவரும் கடல்காரர்தான். அதே முகத்துவாரத்துல வலை போட்டிருக்கிறவர். "கொடுவா எங்க?" ரெமிஜியுஸ் காலை இழுத்துக்கிட்டு முன்னால வந்து நடந்ததைச் சொன்னாரு.

"எந்த இடம்?"

"உங்க வலைக்கு நூறடி வடக்கே, சம்மந்தி."

"அப்ப நீரு விட்டதை என் வலை பிடிச்சிருக்குமே? என்ன பிரயோஜனம்?"

"பிடிச்சாப் பிடிச்சதுதான். என்னால முடிஞ்சது என் கையில இருந்ததை விடுறது. அதைச் செஞ்சேன்."

கித்தேரியான் இன்னும் ரெண்டு சாளை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. கை கழுவினவர் நேரா கரைக்குப் போனாரு. பட்டுவேட்டி நனைய நனைய, வலையை வெளியே இழுத்துட்டாரு! நல்லவேளை... அதுல அந்தக் கொடுவா இல்ல.

அதைப் பாத்துட்டு வந்த பிரகாசி ஒரு இலையைப் போட்டாங்க. "எலே, நீ இன்னும் சாப்பிடல. உக்காரு." அவ்வளவுதான் சொன்னாங்க.

அப்புறம் எல்லாம் மாறிடுச்சான்னு கேப்பீங்க. இல்ல. அந்த வருஷம் ஒண்ணும் நடக்கல. அடுத்த மழைக்குக் கித்தேரியான் வீடு வீடாப் போய்ப் பேசினாரு. கதவைச் சாத்தினவங்களும் உண்டு. ஒன்பது வீடு சேந்துச்சு. ரெண்டு மாசம் முகத்துவாரத்துல வலை போடாம இருந்தாங்க. அதுக்கு அடுத்த வருஷம் உப்பங்கழியில... உள்ளங்கை நீளத்துல கொடுவாக் குஞ்சு, கூட்டம் கூட்டமா! நானே போய்ப் பாத்தேன்.

ரெமிஜியுஸ் மீன்பிடியை விட்டுட்டாரா? எதுக்கு விடணும்? இன்னைக்கும் அந்த மஞ்சக் கயாக்ல போறாரு. நடுத்தரமா ரெண்டு மீன் கிடைச்சாப் போதும், திரும்பிடுவாரு.

இதை எதுக்குச் சொன்னேன்? கொடுவா சின்ன வயசுல ஆண். வளந்து பெருசானப்புறம்தான் பொட்டையா மாறும். அப்ப நாம ஆசைப்பட்டுப் பிடிக்கிற பெரிய மீனெல்லாம் யாரு? தாய்! அது நமக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏன் பிடிக்கிறோம்? "நான் விட்டா அடுத்தவன் பிடிப்பான்." இந்த ஒரு பேச்சுதான்... இந்த ஒரு பேச்சுதான் நம்ம கடலைக் காலி பண்ணிச்சு. அடுத்தவன் என்ன செய்வான்னு பாக்காம ஒருத்தர் விட்டாரு. அதைப் பாத்து இன்னொருத்தர் வலையை எடுத்தாரு. கடல் இன்னும் நம்மளைக் கைவிடல, மக்களே. ரெண்டு மழை பொறுத்தாப் போதும்... திருப்பித் தரும்.

சரி. மழைக்காலத்துல ரெண்டு மாசம் நம்ம முகத்துவாரத்துல வலை இல்ல. இதுதான் தீர்மானம். சம்மதம்னா உரக்கச் சொல்லுங்க... பக்கத்துல இருக்கிறவர் சொல்றாரான்னு பாத்துட்டுச் சொல்லாதீங்க.