ஆறு வாரம் காய்ந்த சோப்பு

உள்ளே வந்ததும் நீங்கள் கை கழுவினீர்கள், மேடம். வாஷ்பேசினில் இருந்த பச்சைக் கட்டி நான் செய்ததுதான். குப்பைமேனிச் சாறும் தேங்காயெண்ணெயும். பயப்பட வேண்டாம், ஆறு வாரம் காய்ந்த கட்டி. எங்கள் தெருவில் மூன்று வீட்டுக் குழந்தைகள் அதில்தான் குளிக்கிறார்கள். ஸ்ரீரங்கம் தாண்டி தில்லைநகர் வரைக்கும் வாங்கிப் போகிறார்கள்.

வீட்டில் சோப்பு செய்வது பெரிய வித்தை இல்லை. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, எண்ணெயில் ஊற்றிக் கலக்க வேண்டும். எடையில்தான் கவனம். சோடா மிஞ்சிவிட்டால் சோப்பு தோலை அரிக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காய்ந்த கட்டியின் ஓரத்தில் நாக்கு நுனியை வைத்துப் பார்ப்போம். நல்ல கட்டி சும்மா கசக்கும். சோடா மிஞ்சிய கட்டி, டார்ச் பேட்டரியில் நாக்கை வைத்ததுபோல் சுரீரென்று கடிக்கும். அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

என் கணவர் தமிழ்மணியைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் உப்பிலியபுரம். அப்பா நாற்பது ஆடு வைத்திருந்தார். கல்யாணமான அன்றைக்கே இவர் என் கழுத்தருகே முகர்ந்து பார்த்துவிட்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஆட்டு வாடை அடிக்குது. போயி நல்லா தேச்சுக் குளிச்சிட்டு வா" என்றார். குளித்துவிட்டு வந்தேன். மறுபடியும் முகர்ந்தார். "இன்னும் ஒரு தடவ."

இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான். விசேஷ வீடுகளில் நாற்காலியை என்னைவிட்டு நகர்த்திப் போட்டு உட்காருவார். "கலைமதி, கைய கழுவிட்டு வந்து பரிமாறு" என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் சொல்வார். நான் கழுவிவிட்டுத்தான் வந்திருப்பேன். போகப்போக எனக்கே என் உடம்பு அருவருப்பாகிவிட்டது. சோப்பு செய்யக் கற்றுக்கொண்டது அதனால்தான். கடையில் விற்கிற எதிலும் அந்த வாடை போகவில்லை.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அதன்பிறகு அந்த அறையில் அடித்த நாற்றத்தை என்னவென்று சொல்ல. மூத்திரம், மலம், கடைவாயில் வழிந்து காய்ந்து புளித்த கஞ்சி. விரிப்பை மாற்றிய கையால் சோறு பிசைய முடியாது. ஆட்டுக் கொட்டிலை வெறுங்கையால் வாரி வளர்ந்தவள் நான். ஓர் ஆடுகூட இப்படி நாறியதில்லை.

அவரைப் பார்த்துக்கொள்ள ஜென்சியை வேலைக்கு வைத்தேன். அவள்தான் அவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பாள். குளியலறைக் கதவை நான் சாத்திக்கொள்வேன். குளிப்பாட்டுவது மட்டும் என் வேலை என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஓர் ஈடு சோப்பு கெட்டுப்போனது. எடை மெஷினில் பேட்டரி தீர்ந்து தப்பாகக் காட்டியிருக்கிறது. எல்லாக் கட்டியும் கடித்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை, அழுக்கை நன்றாகத்தான் எடுத்தது. அவருக்கென்று வைத்துக்கொண்டேன். காலையும் சாயங்காலமும் தேய்த்து, ஊறவிட்டு, தண்ணீர் ஊற்றி, கழுத்தருகே முகர்ந்து பார்ப்பேன். நாற்றம் இருக்கும். "இன்னும் ஒரு தடவ" என்பேன். அவர் கண்ணில் தண்ணீர் வழியும். சோப்பு பட்டிருக்கும் என்று துடைத்துவிடுவேன்.

பத்து நாள் கழித்து ஜென்சி என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, இது படுக்கைப்புண் மாதிரி தெரியலக்கா. நெஞ்சுலயும் தோல் உரிஞ்சிருக்கு பாருங்க. அய்யாவுக்கு உணர்ச்சி இருக்கு. தொட்டாலே முகத்தச் சுளிக்கிறாரு."

"டாக்டர்ட்ட சொல்லியாச்சு ஜென்சி" என்றேன். சொல்லவில்லை.

அந்த ஈடு தீர்ந்ததும் அதேபோல் இன்னொன்று போட்டேன். எடை மெஷினுக்குப் புது பேட்டரி வாங்கியிருந்தேன்.

புண்ணில் சீழ் வைத்தது. அழுகின முட்டை மாதிரி வீடு முழுக்க நாற்றம். அதனால் இன்னும் அதிகமாகக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். காரியம் முடிந்து குளியலறையைக் கழுவ வந்த ஜென்சி, அங்கே கிடந்த கட்டியில் கை தேய்த்திருக்கிறாள். கொப்பளித்த உள்ளங்கையோடு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். பாவம், அவளிடம் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அளவு தெரியாமல் நடந்த தவறு என்று எழுதிக்கொள்ளட்டுமா என்றீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அப்படி எழுத வேண்டாம், மேடம். என் தொழிலுக்கு அது கெட்ட பெயர். அவருக்கு வலிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தவறான கட்டி எதுவும் என் கையைவிட்டுப் போகாது. விற்பதை எப்படி நாக்கில் வைத்துப் பார்ப்பேனோ, அப்படித்தான் அவருடையதையும் குளிப்பாட்டும் முன் பார்ப்பேன்.

ஒரு நாள் ஒரு கட்டி கடிக்கவில்லை. அதைத் திருப்பி வைத்துவிட்டு வேறொன்று எடுத்துப் போனேன்.