மூவரில் ஒருவர் மட்டும் பொய் சொல்கிறார்

விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

இந்த நேரத்தில் எழுதி அனுப்புவதற்கு மன்னிக்கவும். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். இதைக் கையால் எழுதி, கைப்பேசியில் படமெடுத்து அனுப்புகிறேன். சென்ற வாரம் நீங்கள் பதிவு செய்த என் வாக்குமூலத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என் பெயர் நெலிடா சுல்கா. வயது இருபத்தாறு. கணவர் பெயர் வில்மர் தகூரி, ஆட்டோ ஓட்டுகிறார். லிமா நகரின் வடக்கே செரோ பிளாங்கோ மேட்டுக் குடியிருப்பில் வசிக்கிறோம். நான் கல்லூரியில் கணிதம் படித்தவள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு நிலையத்தில் தர்க்கக் கணக்கு நடத்துகிறேன். யார் மெய் சொல்கிறார், யார் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கும் மெய்யர், பொய்யர் கணக்குகள் என் பாடம். எங்கள் மேட்டில் இது எல்லோருக்கும் தெரியும்.

ஜூலை மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் இரவு குழந்தைக்கு இளைப்பு வந்து, அவளை மருத்துவமனையில் சேர்த்து நானும் அங்கேயே தங்கினேன். மறுநாள் திரும்பி வந்தபோது, மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு மோட்டார் திருட்டுப் போயிருந்தது. கொட்டகைப் பூட்டு உடைக்கப்படவில்லை, சாவியால் திறக்கப்பட்டிருந்தது. சாவி மூவரிடம் இருந்தது. பம்பை இயக்கும் எலியோதோரோ கந்தோ, அதற்கு எண்ணெய் கொண்டுவரும் என் கணவர், பொதுச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் தெல்ஃபினா ஆகியோர் அவர்கள். தெல்ஃபினா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், என் குழந்தையின் ஞானத்தாய்.

அதன் பிறகு அன்று மாலை பொதுச் சமையலறையில் கூட்டம் நடந்தது. எலியோதோரோ, "நடுராத்திரி தாண்டி வில்மரோட ஆட்டோ கொட்டகை வாசல்ல நின்னுச்சு, நான் பாத்தேன்" என்றார். என் கணவர், "வண்டிய எடுக்கவே இல்ல. வீட்ல படுத்துக் கெடந்தேன்" என்றார். தெல்ஃபினா, "அந்த ஆட்டோ விடியற வரைக்கும் என் வீட்டு ஓரமாத்தான் நின்னுச்சு. எனக்குத் தூக்கமே வரல, பாத்துக்கிட்டே கெடந்தேன்" என்றார். கூச்சல் எழுந்தது. அதன் பிறகு குடியிருப்புத் தலைவர் செவெரீனோ என் பக்கம் திரும்பி, "டீச்சர், பொய் சொல்றவனப் புடிக்கிறதுதானே உங்க வேல? புடிச்சுக் குடுங்க" என்றார். ஒருவர், "அவங்க வில்மர் பொண்டாட்டியாச்சே" என்றதற்கு, "கணக்குக்கு ஏதுய்யா புருஷன்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அன்றைய சாப்பாடு எழுதியிருந்த பலகையைத் துடைத்துவிட்டு எழுதினேன். முதல் வரியாக, "மூவரில் ஒருவர் மட்டும் பொய் சொல்கிறார்" என்று எழுதினேன். எங்கள் நிலையத்தில் கணக்குகள் அப்படித்தான் தொடங்கும். அந்த வரியை அன்று எனக்கு யாரும் தரவில்லை, நானே போட்டுக்கொண்டேன். அதன் பிறகு, எலியோதோரோ சொல்வதோடு மற்ற இருவர் சொல்வதும் முரண்படுகிறது, எலியோதோரோ சொல்வது மெய்யானால் இருவர் பொய்யராகிவிடுவார்கள், பொய்யர் ஒருவரே என்பதால் அது கூடாது, ஆகவே பொய்யர் எலியோதோரோ என்று முடித்து, அவர் பெயரைச் சுற்றி வட்டம் போட்டேன். அவர், "என் பேர எழுதாதீங்க டீச்சர். கண்ணால பாத்ததத்தான் சொன்னேன்" என்றார். கணவரைக் காப்பாற்றவா அப்படிச் செய்தேன் என்று நீங்கள் கேட்டால், இல்லை. விடை வந்துவிட்டது என்ற சந்தோஷம் மட்டும்தான் அப்போது இருந்தது. சிலர் கைகூடத் தட்டினார்கள்.

அதன் பிறகு அவரை வெளியே இழுத்துப்போய் விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். நான் குழந்தையோடு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பெல்ட் சத்தமும், அவர்மேல் தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டன. பம்பு இல்லாததால் மறுநாளைக்குக் குடிக்க வைத்திருந்த டிரம் தண்ணீரை எடுத்து ஊற்றினார்கள் என்பதைக் காலையில் காலி டிரம்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய டயர்ச் செருப்பு ஒன்று கம்பத்தடியில் கிடந்தது. கைக்குழந்தை இருக்கும் வீடு என்று, தண்ணீர் வந்ததும் என் வாளியைத்தான் முதலில் நிரப்புவார்.

அதன் பிறகு என் கணவர் வேலை தேடப் போவதாகச் சொல்லி, ஆட்டோவை வீட்டில் விட்டுவிட்டு உவாங்காயோ நகருக்குப் பஸ் ஏறினார். நீங்கள் வந்து விசாரித்தபோது, பலகையில் எழுதியதையே வாக்குமூலமாகச் சொன்னேன்.

இன்று பிற்பகல் குழந்தையின் காலணி ஒன்றைத் தேடி ஆட்டோவின் பின் இருக்கையைத் தூக்கினேன். அதன் அடியில் குழந்தையின் மஞ்சள் போர்வை சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். "கொடியிலேர்ந்து காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும், விடு" என்று என் கணவர் சொல்லியிருந்தார். போர்வை முழுக்க எண்ணெய்க் கறை, நீலப் பெயிண்டு உரசல். குடியிருப்பின் ஆண்டு விழாவுக்காக அந்த மோட்டாருக்கு நீலம் அடித்த பெண்களில் நானும் ஒருத்தி.

அதன் பிறகு போர்வையோடு தெல்ஃபினாவிடம் போனேன். அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். போர்வையைப் பார்த்தும் கத்தியை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு ராத்திரி நீங்க ஆட்டோவப் பாத்தீங்களா?"

"நான் நல்லாத் தூங்கினேன். வில்மர் வந்து இப்படிச் சொல்லுன்னான், சொன்னேன். உன் புள்ளைய ஞானஸ்நானத்துல ஏந்தின கை இது. அவ அப்பன் வந்து கேட்டா மாட்டேன்னு சொல்லச் சொல்றியா?"

"எலியோதோரோ சாகக் கெடக்கிறாரே!"

"நான் ஒரு வார்த்ததான் சொன்னேன் டீச்சரம்மா. வட்டம் போட்டது யாரு?"

அதன் பிறகு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எலியோதோரோவின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருப்பதால் அவரால் பேச முடியாது என்றும், மருத்துவமனைக் கட்டிலோடு விலங்கிட்டிருக்கிறீர்கள் என்றும், வெள்ளிக்கிழமை நீதிபதி முன் நிறுத்திச் சிறைக்கு அனுப்பப்போகிறீர்கள் என்றும் அறிகிறேன். அவர் திருடவில்லை. மூவரில் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

இதில் உள்ளவை நான் கண்டவை, கேட்டவை, செய்தவை. யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஒருமுறை வாசித்துப் பார்த்த பின்பே கையெழுத்திடுகிறேன். முன்பு தந்த வாக்குமூலத்தின் அடியிலும் இதே கையெழுத்துதான் இருக்கிறது. இரண்டில் எது மெய் என்று என் சொல்லை வைத்து முடிவு செய்ய வேண்டாம், போர்வையைப் பாருங்கள். அதைத் துவைக்கவில்லை. அரிசிச் சாக்கில் போட்டுக் குழந்தையின் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

(ஒப்பம்) நெலிடா சுல்கா

என் கணவர் வியாழன் மாலை திரும்பி வருகிறார். வந்ததும் முதலில் இருக்கையைத் தூக்கிப் பார்ப்பார். சாக்கை யாரிடம் ஒப்படைப்பது, நானும் குழந்தையும் எங்கே போவது என்று அதற்குள் தெரிய வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.