ஆறடிப் புடலங்காய்

– அக்கா, இந்த சமோசாவை எல்லாம் இன்னாத்துக்கு ஒண்ணு மேல ஒண்ணா கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருக்கீங்க?

– அழகுக்கு சார்.

– அழகுக்கா? உச்சியில இருக்கிறதை எப்படி எடுப்பீங்க?

– ஸ்டூல் போட்டுத்தான். நீங்க அளங்க சார். உங்க டேப்பு நீளத்தை மட்டும்தான் பார்க்கும், உசரம் கணக்குல வராதுன்னு கன்னியப்பன் சொன்னான்.

– யாரு கன்னியப்பன்?

– அடுத்த தெருவுல ஜூஸ் கடை. அவன் கெடக்கான், விடுங்க.

– ஆனா அவர் சொன்னது கரெக்ட்டு. எங்க ஹெல்த் ஆபீஸ் ரூல்ஸ்ல அப்படித்தான் இருக்கு. ஷெல்ஃப்ல உடம்புக்கு நல்லது எவ்ளோ நீளம், எண்ணெய்ப் பலகாரம் எவ்ளோ நீளம். நல்லது ஜாஸ்தின்னா பச்சை ஸ்டிக்கர். கம்மின்னா சிவப்பு. சிவப்பு ஒட்டிட்டா இந்த ஷூ கம்பெனி கேட் பக்கமே நீங்க கடை போடக் கூடாது.

– தெரியும் சார். அதை நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல. சாயங்காலம் பெல் அடிச்சா அத்தனை பொம்பளைங்களும் இந்த கேட்டு வழியாத்தான் வருவாங்க. என் கையால ரெண்டு சமோசா தின்னுட்டுத்தான் பஸ் ஏறுவாங்க. இங்கேருந்து கெளப்பிட்டா நான் எங்க சார் போவேன்? என் பொண்ணு இரம் இப்பத்தான் காலேஜ் சேர்ந்திருக்கா.

– கண்ணைத் தொடைங்கக்கா. டேப்பு யாருக்கும் பாவம் பார்க்காது, நான் இன்னா செய்ய? சமோசா... ஒரு சாண் கூட இல்ல. சரி. அங்க கயித்துல மாலை மாதிரி தொங்குதே, அது இன்னா?

– வடை சார்.

– வடையைக் கயித்துல கோத்துத் தொங்க விட்டிருக்கீங்களா!

– ஓட்டை சும்மாத்தானே சார் கெடக்குது. அது ஷெல்ஃப்ல இல்ல, காத்துல இருக்கு. அளக்க முடியாது.

– ரூல்ஸ்ல காத்து பத்தி ஒண்ணும் போடல. சரி, போவட்டும். உடம்புக்கு நல்லது எங்க?

– இதோ படுத்திருக்கு பாருங்க. புடலங்காய்.

– யம்மாடி! இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும்... டேப்பை அந்தப் பக்கம் பிடிங்கக்கா. ஆறடி! என்னை விட உசரம். ஒரே காயா?

– ஒரே காய் சார். கல்லு கட்டி வளர்த்தது.

– சமோசாக் கடையில பச்சைப் புடலங்காயை யாருக்கா வாங்குவாங்க?

– வாங்கணும்னு ரூல்ஸ்ல இருக்கா சார்?

– இல்ல. வச்சிருந்தா போதும்.

– வச்சிருக்கேன்.

– இருங்க, இருங்க. வால்ல இந்த வளைவு... காலையில பைபாஸ் டீக்கடையில ஒண்ணு அளந்தேன், அதுலயும் இதே வளைவு இருந்துச்சே.

– ஒரே கொடியா இருக்கும் சார். அண்ணன் தம்பி.

– நேத்து பேக்கரியில பார்த்ததுலயும் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி பரோட்டா கடையில.

– பெரிய குடும்பம் சார்.

– ஒண்ணு கூட வாடலயே! அதுவும் இந்த வெயில்ல. ஷூ தோல் வாசனை வேற அடிக்குது.

– அரே, ஆம்பூர்ல எதுல சார் அடிக்கல? தண்ணியில அடிக்குது, துணியில அடிக்குது, காய்ல மட்டும் அடிக்கக் கூடாதா?

– வஹீதாக்கா! ஆச்சா? காயைக் குடு, வண்டியை ஆஃப் பண்ணாம வந்திருக்கேன். அந்த டேப்புக்காரன் அடுத்து என் ஜூஸ் கடைக்குத்தான் வரப் போறான்!

– கன்னியப்பா, வாயை மூடுடா.

– இன்னாத்துக்கு பயப்படுற? அவன் சுத்தப் பேக்குக்கா. அஞ்சு கடையில இதே காயை அளந்துட்டுப் போய்ட்டானாம்!

– ஏழு கடை. சமோசா அடுக்குக்குப் பின்னாடி நிக்கிற அந்தப் பேக்கு நான்தான். பேரு பிரேம்நாத்.

– வணக்கம் சார். நான் சும்மா வடை வாங்க வந்தேன். வர்றேங்க்கா.

– ஓடிட்டாரு பாருங்க. இப்ப நீங்க சொல்லுங்கக்கா. ஊர் முழுக்க ஒரே புடலங்காய்! நான் ஆபீசுக்கு இன்னான்னு எழுதி அனுப்புனேன் தெரியுமா? ஆம்பூர் ஜனங்க புடலங்காய்ன்னா உசிரை விடுறாங்கன்னு எழுதுனேன். மேனேஜர் மீட்டிங்ல எழுந்து நின்னு கை தட்டுனாரு!

– கை தட்டுனாங்கல்ல? அப்புறம் எதுக்கு சார் பேஜார் பண்றீங்க?

– எனக்கு வயிறு எரியுதுக்கா. சிவப்புதான். ஏழு கடைக்கும் சிவப்பு. அந்தக் கத்தியைக் குடுங்க. சாட்சிக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டுப் போறேன்.

– அரே, வேணாம் சார்! என்னை இன்னும் நாலு வார்த்தை திட்டுங்க, கேட்டுக்கறேன். காய்ல கத்தி மட்டும் வைக்காதீங்க!

– ஏன், அதுக்கு வலிக்குமா? இந்தா... இன்னாக்கா இது, கத்தி இறங்கவே மாட்டேங்குது. அக்கா! உள்ளேருந்து பஞ்சு வருது!

– யா அல்லா. அது ஆட்டுத் தோல் சார். எங்க வீட்டுக்காரர் ஹபீப் இதே கம்பெனியிலதான் சாம்பிள் தைக்கிறாரு. வேஸ்ட்டா போற துண்டுக்குப் பச்சைச் சாயம் போட்டுத் தைச்சாரு. சத்தியமா சொல்றேன், மொதல்ல நெஜக் காய்தான் வச்சோம். அடுத்த கடைக்கு பைக்ல கொண்டு போறப்ப ஸ்பீட் பிரேக்கர்ல ரெண்டா உடைஞ்சு போச்சு.

– அந்தக் காயை இப்படிக் குடுங்க.

– இந்தாங்க சார். மோர் குடிக்கிறீங்களா?

– தையல் எங்க இருக்கு? திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், கண்ணுக்கே தெரியல.

– உள்தையல் சார். வெளிநாட்டுக்குப் போற ஷூவுக்குப் போடுறது.

– நான் கீறுன இடத்தை?

– ஒட்டிக் குடுத்துருவாரு. கீறுனதே தெரியாது.

– ஸ்டிக்கரை எங்க ஒட்டட்டும்க்கா?

– சிவப்பா சார்?

– பச்சை.

– சார்! நீங்க நல்லா இருக்கணும் சார். நீங்களும் உங்க புள்ளகுட்டிங்களும்...

– அது கெடக்கட்டும். ஹபீப் அண்ணனுக்கு இதை விட நீளமா தைக்க வருமா?

– தோல் மட்டும் இருந்தா ரயில் நீளத்துக்குத் தைப்பாரு. எதுக்கு சார்?

– காட்பாடி ஸ்டேஷன் வாசல்ல எங்கம்மா போண்டா கடை வச்சிருக்காங்கக்கா. வெள்ளிக்கிழமை அங்க அளக்க வர்றவனோட டேப்பும் யாருக்கும் பாவம் பார்க்காதாம்.